நாக்கடியில் ஒரு மாத்திரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊசிப் போதையை விட்டுவிட்டு மதுரை செல்லூருக்குத் திரும்பும் ஒருவனைப் பற்றித் திரைக்கதை எழுதியிருக்கிறேன். ஹெராயின் பழக்கம். கீழமாசி வீதியில் சுமை தூக்குகிறான், அம்மாவோடு இருக்கிறான். முதல் 25 நிமிடம் கட்டிலில் துடிக்கிறான். அதற்குப் பிறகு ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்கிறார்கள் நண்பர்கள். மறுபடி ஊசி போட வைத்துவிடலாமா?
ச., செல்லூர்

அன்புள்ள ச.,

துடிப்பை வெட்டுங்கள், 2 நிமிடம் போதும். ஹெராயினை நிறுத்திய 8 முதல் 24 மணி நேரத்தில் உடம்பு கேட்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். தொடக்கமும் அலறல் இல்லை. கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, அவ்வளவுதான். சளி என்று நினைத்து அம்மா சுக்குக் காப்பி போட்டுத் தரட்டும். அடங்காமல் மாதக்கணக்கில் நீள்வது தூக்கமின்மையும் எதிலும் ருசியில்லாமையும்தான். உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. (ராத்திரி இரண்டு மணிக்கும் டீக்கடை திறந்திருக்கும் ஊரில் ஒருவனுக்குத் தூக்கம் வராதது யார் கண்ணிலும் படாது. உங்களுக்கு அது வசதி.)

38ஆம் காட்சியில், ஹெராயின் ஏக்கத்தை அடக்கத் தரும் புப்ரினார்ஃபின் மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறான். பிழை. விழுங்கினால் பெரும்பகுதியை ஈரலே சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். 5 முதல் 10 நிமிடம் ஆகும், அதுவரை பேசக் கூடாது. வாய் வறண்டிருந்தால் போடுமுன் ஒரு வாய் தண்ணீர். கூடவே நலாக்சோன் என்ற போதைமுறிப்பு மருந்தைச் சேர்த்திருப்பது, மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிவிடாமல் இருக்க. முதல் மாத்திரையைக் கேட்டவுடன் தந்துவிடவும் மாட்டார்கள். பழைய போதை இறங்குமுன் கொடுத்தால் மருந்தே உடம்பை முறுக்கிவிடும். கொட்டாவியும் கண்ணீரும் வரும்வரை மருத்துவர் காக்க வைப்பார்.

இந்தப் பிழையைத் திருத்தினால் படத்தின் மையக் காட்சி தானாக வந்துவிடுகிறது. மாத்திரை நாக்கடியில். அம்மா வந்து கேட்கிறார்: “பீரோல வச்ச ஐநூறு ரூவா எங்கிட்டுடா போச்சு?” அவன் எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் மருந்து வீண், திறக்காவிட்டால் திருடன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் ஓடட்டும். பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

மறுபடி ஊசி போட வைப்பது பற்றி. விட்டபின் உடம்பு தாங்கும் சக்தியை இழந்திருக்கும், பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். சிகிச்சை முடிந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள் குறிப்பாக ஆபத்தானவை. ஆக நீங்கள் எழுதப் போவது சறுக்கல் இல்லை, சாவாகவும் இருக்கலாம். கதை தொய்கிறது என்பதற்காக அதைச் செருகாதீர்கள்.

தொய்வுக்கு மருந்து சனிக்கிழமைதான். வாரக் கூலி கையில் வரும் நாள். பணம், பழைய இடம், பழைய நேரம் மூன்றும் சேர்ந்தால் ஆசை கிளம்பும். சரக்கு கைமாறிய இடத்தை யானைக்கல் பாலத்தடியில் வையுங்கள். சிம்மக்கல்லிலிருந்து பாலம் ஏறினால் வீடு பக்கம். அவனோ ஆரப்பாளையம் போய், தத்தனேரி வழியாகச் சுற்றி வருகிறான். ஏன் என்று ஒருவரும் வசனம் பேசக் கூடாது. மூன்று சனிக்கிழமை அதே சுற்று. நாலாவது வாரம் மழை, அவன் சிம்மக்கல்லில் நிற்கிறான்.

72ஆம் காட்சியில் ஆலோசகர் பேசும் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை மட்டும் சித்திரை வெயிலிலும் இருக்கட்டும்.