முன்பணத்தை விடுங்கள், கடையின் பெயரை முதலில் வாங்குங்கள்

கேள்வி: எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. மாமியாரும் மதினியும் நானும் வீட்டிலேயே அப்பளம், வடகம் போட்டு விற்கிறோம். சென்னை, மும்பை என்று போய்க் குடியேறிய நம் ஊர்க்காரர்கள் போனில் சொல்லி வாங்குகிறார்கள். ஆர்டர் கூடியதால் சொந்தமாக ஓர் இணையதளம் வைக்க ஆசைப்பட்டேன். இணையத்தில் இத்தகைய வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஒரு பையன் கிடைத்தார். மொத்தம் 30,000 ரூபாய் என்று பேச்சு. தளத்தின் வழியாகக் கொடுத்தால் கமிஷன் போகும் என்று அவர் சொன்னதால், 18,000 ரூபாயை நேராக அவருக்கே போனில் அனுப்பினேன். ஆடி முடிவதற்குள் தருவதாகச் சொன்னார். ஆவணியும் போய்விட்டது. பாதி முடிந்த பக்கத்தை ஒரு முறை காட்டியதோடு சரி. பத்து நாளுக்கு ஒரு முறை 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை அக்கா' என்று செய்தி வருகிறது. இப்போது இன்னும் 6,000 அனுப்பினால் ஒரே வாரத்தில் முடித்துவிடுவதாகச் சொல்கிறார். கடைக்கான இணையப் பெயரையும் அவர்தான் வாங்கி வைத்திருக்கிறார். 'போனது போகட்டும், விடு' என்கிறார் என் வீட்டுக்காரர். போலீசுக்குப் போகலாம் என்கிறான் தம்பி. தீபாவளி நெருங்குகிறது. நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த 6,000 ரூபாயை அனுப்பாதீர்கள். பேசிய தொகையில் பாதிக்கு மேல் வாங்கியும் முடிக்காத வேலையை, இன்னும் கொஞ்சம் பணம் வந்து முடிக்க வைக்காது. இன்று அவர் மறுபடி கேட்டால், "வேலை முடிந்ததும் தருகிறேன்" என்ற ஒரு வரி போதும். காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் 18,000 ரூபாயைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் கவலை தருகிறது: இணையப் பெயரை அவர் வாங்கி வைத்திருக்கிறார். பஜாரில் கடை பிடிக்க நீங்கள் பணம் கொடுத்து, வாடகை ஒப்பந்தத்தை மட்டும் வேறொருவர் தன் பெயரில் எழுதிக்கொண்டால் எப்படியோ, இதுவும் அப்படித்தான். டொமைன் என்று சொல்லும் அந்தப் பெயர் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறதோ அவர் கையில்தான் அதன் கட்டுப்பாடு இருக்கும். அவர் புதுப்பிக்கத் தவறினால் பெயர் காலாவதியாகிவிடும்; பிறகு வேறு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் பொட்டலத்தில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பிய பெயர் அது என்றால், இழப்பு 18,000 ரூபாயோடு நிற்காது.

ஆகவே முதல் வேலை, பெயரை உங்கள் கைக்குக் கொண்டுவருவது. அவர் எந்த நிறுவனத்திடம் பெயரைப் பதிவு செய்தார் என்று கேளுங்கள். அதே நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலில் ஒரு கணக்குத் தொடங்கி, அந்தக் கணக்குக்குப் பெயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் சில நிமிட வேலைதான். கூடவே, தளம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் நுழைவுச்சொல், இதுவரை செய்த பக்கங்களின் நகல், லோகோவின் மூலக் கோப்பு ஆகியவற்றையும் கேளுங்கள். வாடிக்கையாளர் பணம் கட்டும் வசதியை அவர் ஏற்கெனவே இணைத்திருந்தால், அந்தப் பணம் எந்த வங்கிக் கணக்கில் போய்ச் சேரும்படி அமைத்திருக்கிறார் என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்திருந்தால் அதன் முதன்மை உரிமையாளராக உங்கள் கணக்குதான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் பேசாதீர்கள், குரல் செய்தியாகவும் அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலில் எழுதுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இப்படி எழுதலாம்:

"தம்பி, நம் பேச்சுப்படி ஆடி முடிவதற்குள் தளம் முடிந்திருக்க வேண்டும். மொத்தம் 30,000 ரூபாயில் 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இன்றிலிருந்து 3 நாளுக்குள் டொமைனை என் கணக்குக்கு மாற்றித் தாருங்கள். 10 நாளுக்குள் தளத்தை முடித்துத் தாருங்கள். முடியாவிட்டால் இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்; அப்போது நடந்த வேலைக்கு உரியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புங்கள். தாமதத்தால் எனக்கு ஏற்படும் இழப்பைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. குறித்த காலத்துக்குள் முடிப்பதே முக்கியம் என்று பேசியிருந்து, காலம் தவறினால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் தாமதமான வேலையை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டால், பிறகு தாமதத்துக்காக நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்கும்போதே அதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். "பரவாயில்லை தம்பி, மெதுவாக முடியுங்கள்" என்று நீங்கள் இத்தனை நாள் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்த வார்த்தை தானாக வரும். அன்பில் எழுதியதுதான். ஆனாலும் தேதி முக்கியமில்லை என்று நீங்களே சம்மதித்ததாக அது நாளைக்குக் காட்டப்படும். இனி அப்படி எழுதாதீர்கள்.

அவருடைய அம்மாவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். அதைப் பொய் என்று நினைத்துக் கடுமையாகப் பேச வேண்டியதில்லை. கை கொள்ளாத அளவுக்கு வேலையை ஒப்புக்கொண்டு, முடிக்க முடியாமல், சொல்லவும் வெட்கப்பட்டுப் போனை எடுக்காமல் இருக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் டொமைனை மாற்றிக் கொடுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே முடியும். அவர் நல்லவரா என்பது அந்த மூன்று நாளில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையில் உருவாக்குவது, வேறு பேச்சு இல்லாதபோது, முதலாளிக்குச் சேரும். வெளியாளாக இருந்து செய்து தருபவர் விஷயம் வேறு. அவர் எழுதிய நிரலுக்கும் பக்க வடிவத்துக்கும், நீங்கள் முழுப் பணம் கொடுத்திருந்தாலும்கூட, எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராத வரை பதிப்புரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை 5 ஆண்டுக்குத்தான் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. ஆகவே "காலவரையின்றி, உலகம் முழுவதற்கும்" என்ற சொற்களைச் சேர்த்து எழுதி வாங்குங்கள். அப்பளம் காயும் முற்றத்தை நீங்களே போனில் எடுத்த படங்கள் உங்களுடையவை; அவற்றை யாரிடமும் எழுதி வாங்க வேண்டாம்.

தம்பி சொல்லும் போலீஸ் வழி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். தாமதம் வேறு, மோசடி வேறு. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால்தான் அது மோசடி. அவர் சொன்ன பெயரும் முகவரியும் பொய் என்று தெரிந்தாலோ, எண்ணை மாற்றிக்கொண்டு மறைந்தாலோ, அன்றே 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். அங்கே தாமதிக்கக் கூடாது. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் வியாபாரத்துக்காகப் பெற்ற சேவை என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருப்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உங்களுக்கு நான் சொல்லும் வழி, திருநெல்வேலி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசிவிட்டுப் போகலாம். ஒரு வக்கீல் நோட்டீசிலேயே முடிந்துவிடக்கூடிய தகராறு இது. வழக்கு என்று போனால் 3 ஆண்டு காலக்கெடு இருக்கிறது, அவசரம் இல்லை. பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள், அவர் காட்டிய பக்கத்தின் படம் எல்லாவற்றையும் இப்போதே சேமித்து வையுங்கள்.

அவசரம் இருப்பது தீபாவளிக்குத்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காய வெயிலுக்குத் தவம் கிடக்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இந்தப் புரட்டாசி வெயிலை அந்தப் பையனின் பதிலுக்காகக் காத்திருந்து வீணாக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே போனில் பேசுபவர்கள். இந்த ஆண்டுக்கு அவர்களுக்கு இணையதளமே தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்பட்டியல் வைக்கும் வசதி இலவசமாக இருக்கிறது. உளுந்து அப்பளம், வடகம் என்று படமும் எடையும் விலையும் போட்டு வைக்க மதினியும் நீங்களும் ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும். பெயரை அவர் தர மறுத்தால் வேறு பெயர் வாங்குங்கள். ஊர்ப் பெயரோடு உங்கள் குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். அச்சடித்த பொட்டலங்களில் புதிய பெயரை ஒட்டிக்கொள்ளலாம்.

தை பிறந்து வேறொருவரைப் பிடிக்கும்போது, தளத்துக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் மிச்சம் பிடித்த கமிஷன்தான் உங்கள் பாதுகாப்பாக இருந்தது. அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் பணம் முதலில் தளத்திடம் நிற்கும், நீங்கள் வேலையை ஏற்ற பிறகுதான் செய்தவருக்குப் போகும். அதிலும் ஒரு கவனம் வேண்டும்: வேலை ஒப்படைக்கப்பட்ட பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், ஃபைவரில் 3 நாளிலும், அப்வொர்க்கில் 14 நாளிலும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வெளியூர் ஆள் வேண்டாம், வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ நேரில் போய்க் கேட்க முடிகிற ஒருவரே நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையிடம் கறாராகக் கேட்க நமக்கு இன்னும் அதிகமாக வாய் வராது. யாராக இருந்தாலும் வேலையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்ததும் அதற்குரிய பணம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டொமைனை மட்டும் முதல் நாளே நீங்களே வாங்கிவிடுங்கள்.

ஒருவேளை இந்தப் பையன் பத்து நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்து, பெயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், மீதி 12,000 ரூபாயை அன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.