கோயில் மனையும் பக்கத்துத் தெருவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் நிலம் முள் மண்டிக் கிடக்கிறது. சபைகளை நிர்வகிக்கிற சேகர கமிட்டியில் பாதிப் பேர் கல்யாண மண்டபம் என்கிறார்கள். மீதிப் பேர் ரோட்டோரம் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். இளைஞர்கள் நாங்கள் சுற்றியிருக்கிற ஜனங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்யலாம் என்கிறோம். 'ஏதாவது என்றால் என்ன?' என்று கேட்டால் பதில் வரவில்லை. வெளியார் வந்து போனால் கோயில் வளாகத்தின் ஒழுங்கு கெடும் என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பதில் இல்லாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான். மண்டபம் என்பவர்களும் கடை என்பவர்களும் முடிவோடுதான் கூட்டத்துக்கே வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று யாரும் போய்க் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்களும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் பிரஸ்பிட்டேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்று இருக்கிறது. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தபோது சபையார் அக்கம்பக்கத்தில் இறங்கிப் பேசத் தொடங்கினார்கள். வேலை பார்ப்பது இங்கே, வாடகை கட்டுப்படியாகாமல் குடியிருப்பது எங்கோ என்ற பேச்சே திரும்பத் திரும்ப அவர்கள் காதில் விழுந்தது. கடைசியில் கோயில் நின்ற நிலத்தையே, குறைந்த வாடகை வீடு கட்டித்தரும் ஓர் அமைப்புக்கு விற்றுவிட்டார்கள். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு 2019இல் 173 வீடுகள் வந்தன. சபை அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு வந்தது. உங்கள் கோயிலை இடிக்கச் சொல்லவில்லை. உங்கள் போதகர் ஐயரிடம் என் பெயரைச் சொல்லி மாட்டிவிடாதீர்கள்.

நீங்களும் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போங்கள். அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, வசூல் நோட்டோடு போகிற மாதிரி வேண்டாம். 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்றும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர்களும் மண்டபம் என்றுதான் சொல்வார்கள். 'நேற்று விடிந்ததிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பக்கம் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. அம்மா மடியில் தட்டு, தட்டு நிறைய இலையும் புகையிலைத் தூளும், கைக்கெட்டும் தூரத்தில் தொட்டில். பிள்ளை நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் அந்தத் தெருவுக்கு என்னவாக இருக்கும் என்று அவர்களே சொல்லட்டும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். ஃபேன், டியூப் லைட், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும் கேட். இதற்கு ஒன்றரை ஏக்கர் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறையே போதும். வாரத்தில் ஆறு நாள் அது பூட்டித்தானே கிடக்கிறது? அதில் ஒரு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் முள்ளை வெட்டலாம்.

மண்டபத்தை நான் கேலி செய்யவில்லை. தெருவை மறித்துப் பந்தல் போடுகிறவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் வாடகை அவனுக்குக் கட்டுப்படியாகுமா? வேறு மதத்தார் அவர்கள் முறைப்படி அங்கே தாலி கட்டலாமா? அடிக்கல் நாட்டும் முன்பே இதைத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். கடை யோசனையையும் தள்ளாதீர்கள். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவுக்கு மாதாமாதம் சம்பளம் எங்கிருந்து வரும்? காணிக்கையை நம்பினால் ஆறு மாதத்தில் திணறும். ரோட்டோரம் இரண்டு கடை வாடகை அதைத் தாங்கும்.

பத்திரங்களைச் சீக்கிரம் பாருங்கள். சி.எஸ்.ஐ. சொத்துகள் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பவை. சேகர கமிட்டித் தீர்மானம் மட்டும் போதாது, பேராயரின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலத்தின் அனுமதியும் வேண்டும். மூலப் பத்திரத்தில் பள்ளிக்கு என்றோ கல்லறைக்கு என்றோ எழுதியிருக்கலாம். பட்டாவையும் வில்லங்கத்தையும் ஒத்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும்.

ஒழுங்கு கெடும் என்று பயப்படுகிறவர்களை ஒருநாள் இடையன்குடிக்குக் கூட்டிப் போங்கள். மிஷனரி கால்டுவெல் 1841இல் அங்கே வந்தவர். நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டிக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கிற கோயில் பிரதிஷ்டையானது 1880இல்தான். அதே சமயம் அந்தப் பயத்தை அசட்டை செய்யவும் வேண்டாம். ஆராதனை நேரத்தில் பின்பக்கம் பிள்ளைகள் கத்தினால் எரிச்சல் வரத்தான் செய்யும். பக்கத்துத் தெருப் பக்கம் தனியாக ஒரு கேட் வையுங்கள், நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியிடம், இன்னொன்று அந்தத் தெருவிலேயே பொறுப்பான ஓர் அம்மாவிடம். அவர் சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. கமிட்டியில் மண்டபத்தைவிட இந்தச் சாவிக்குத்தான் பெரிய சண்டை வரும், தயாராகப் போங்கள்.