வீடியோவை அனுப்பிவிட்டால் வகுப்பு எதற்கு?

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகனின் நெட்வொர்க் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாடத்தை வீடியோவாக அனுப்பிவிட்டு, வகுப்பில் பிள்ளைகளையே புரோகிராம் எழுதச் சொல்கிறார்களாம். அப்புறம் எதற்குக் கல்லூரிக் கட்டணம் என்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்தப் பாடத்துக்கு இந்த முறைதான் சரி என்று நினைக்கிறேன்.

இதற்கு ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து பரவியது. விளக்கம் வீட்டில், பயிற்சி ஆசிரியரின் முன்னால்.

நெட்வொர்க் பாடத்தில் புரோகிராம் எதற்கு? ஒரு அலுவலகத்தில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டிகள் 40 இருக்கின்றன என்று வையுங்கள். எல்லாவற்றிலும் புதிதாக ஒரு வி-லேன், அதாவது அதே நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த ஒரு பகுதி, சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக லாகின் செய்து கமாண்ட் அடிப்பார்கள். இப்போது பைத்தான் என்ற புரோகிராம் மொழியில், நெட்மிக்கோ என்ற லைப்ரரியை (ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பை) வைத்துச் சில வரிகள் எழுதினால் நாற்பதுக்கும் போய்விடும். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் 2020 பிப்ரவரியில் மாற்றிய சிசிஎன்ஏ என்ற சான்றிதழ் தேர்விலும், இப்படிப் புரோகிராம் வைத்து வேலையை முடிக்கும் ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். புரோகிராம் தெரியாமல் இந்த வேலையில் மேலே போவது இனி கஷ்டம்.

ஆனால் பிழையும் அதே வேகத்தில் போகும். சிஸ்கோ சுவிட்சில் டிரங்க் போர்ட்டுக்கு (பல வி-லேன்கள் சேர்ந்து போகும் இணைப்புக்கு) வி-லேன் சேர்க்கும் கமாண்டில் 'ஆட்' என்று ஒரு சொல் வரும். அதை விட்டுவிட்டால், ஏற்கெனவே அனுமதித்திருந்த பட்டியல் போய்ப் புதியது மட்டும் நிற்கும். கையால் அடித்தால் ஒரு சுவிட்சோடு போகும். ஸ்கிரிப்ட்டில், அதாவது அந்தப் புரோகிராமில், விட்டால் நாற்பதும் மாட்டிக்கொள்ளும். பல நேரம் திருத்துவதற்கு நெட்வொர்க் வழியாகச் சுவிட்சுக்குள் நுழையும் வழியே அறுந்துவிடும். சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டியதுதான்.

இதை வீடியோவில் பத்து முறை பார்த்தாலும் உறைக்காது. லேபில் தானே ஒரு நெட்வொர்க்கை விழவைத்து, ஆசிரியர் பக்கத்தில் நின்று "எந்த வரியில் போச்சு, பாரு" என்று கேட்கும்போது உறைக்கும். வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளை அந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் லேப்டாப்பை மூடிவிடுவான்.

ஆசிரியர் லிங்க்கை மட்டும் அனுப்பிவிட்டு லேபில் மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லையென்றால், உங்கள் புகார் நியாயமானது. துறைத் தலைவரிடம் தயங்காமல் பேசுங்கள். எது நடக்கிறது என்று தெரிய, ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது மகனிடம் கேளுங்கள்: "இந்த வாரம் லேபில் எது வேலை செய்யாமல் போச்சு? எப்படிச் சரி பண்ணினே?" அவன் கதை சொல்ல ஆரம்பித்தால் வகுப்பு நன்றாக நடக்கிறது.

வீட்டில் அவன் வீடியோவை நிறுத்தி நிறுத்தித் தானும் டைப் செய்து பார்க்க வேண்டும். 15 நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். "எப்பப் பார்த்தாலும் வீடியோதானா" என்று திட்டிவிடாதீர்கள்.

புது லேப்டாப் கேட்கிறான் என்றீர்கள். அவசரம் வேண்டாம். கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதேபோன்ற இன்னொரு சாஃப்ட்வேரான ஜிஎன்எஸ்3-இல் பெரிய நெட்வொர்க் போட்டால்தான் 8 ஜிபி ராம் திணறும், 16 இருந்தால் நல்லது. அடுத்த செமஸ்டரில் அது வருகிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, பழைய லேப்டாப்பிலேயே ராமைக் கூட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள்.