பத்துப் பேரை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள ஐயா,

ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கட்டுரையில் ‘முதலாம் ராஜராஜன் கட்டியது’ என்று சேர்த்தேன். ஒருவர் ‘சான்று இல்லை’ என்று நீக்கினார். நான் திரும்பப் போட, அவர் திரும்ப நீக்க, நான்காவது முறை மீட்டதும் என் கணக்கை 24 மணி நேரம் தடை செய்துவிட்டார்கள். அவர் தமிழரே அல்ல. கல்வெட்டை நேரில் வாசித்தவன் நான், படம் இணைத்திருக்கிறேன். மேல்முறையீடு எங்கே செய்வது? உங்கள் வாசகர்கள் பத்துப் பேர் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஆதரவு தெரிவித்தால் நிற்கும் என்கிறார்கள் நண்பர்கள். உதவுவீர்களா?

க.

அன்புள்ள க.,

மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயில் சுவரின் முன் குந்தி உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிற இளைஞர் எனக்குக் கடிதம் எழுதுவது அடிக்கடி நடப்பதில்லை. படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். (எழுத்து தெரிவதற்காக மைதா மாவு தேய்த்திருக்கிறீர்கள். இனிமேல் செய்யாதீர்கள்.)

தடை பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினால், தடை என்பது 2004 முதல் அங்கே உள்ள விதி. நீங்கள் சொன்னது சரியா தவறா என்று அதில் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நடுவர் குழு ஒன்று உண்டு. அதுவும் நடத்தையைத்தான் விசாரிக்கும், கோயிலைக் கட்டியது யார் என்று தீர்ப்பு எழுதாது. அவர் தமிழரா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை.

ஆனால் அந்தப் பத்துப் பேர் விஷயத்தை விட மாட்டேன். எதற்கெடுத்தாலும் ஆள் திரட்டுகிற புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? அங்கே தலையை எண்ணுவதில்லை. சொல்கிற காரணத்தைத்தான் எடைபோடுகிறார்கள். நேற்று முளைத்த பத்துக் கணக்குகள் ஒரே குரலில் பேசினால், பார்க்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். ஒரே ஆள்தான் பத்துப் பேராக வருகிறார் என்று தெரிந்தால் கைப்பாவைக் கணக்குகள் என்று மொத்தமாக மூடுவார்கள். அப்புறம் நீங்கள் செப்பேட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க ஆள் இருக்காது.

ஆள்பலத்தால் தீருமென்றால் இலங்கைப் போர் பற்றிய கட்டுரைகள்தான் முதலில் தீர்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2007இல், அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே, ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழரும் சிங்களவரும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் உடன்பாடு எழுதினார்கள். மீளமைப்பதை ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வது. பிறகு பேச்சுப் பக்கம். சான்றுகளையும் தரம் பிரித்தார்கள். நம்பகமான செய்தி நிறுவனம் என்றால் நேரடியாக எழுதலாம். அரசுச் சார்பு, புலிச் சார்பு என்றால் அந்தச் சார்பைச் சொல்லி, ‘இவர்கள் கூறுகிறார்கள்’ என்றுதான் எழுத வேண்டும். யார் சொல்வது உண்மை என்று அவர்கள் முடிவு செய்யப் போகவில்லை, கவனித்தீர்களா? யார் சொன்னதை எப்படி எழுதுவது என்று மட்டும் முடிவு செய்தார்கள். சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் எழுத முடிந்தது. (தயிருக்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று அதே இடத்தில் 2011 வரை பல ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள். அதுவும் மனித இயல்புதான்.)

என் சித்தப்பாவுக்கு இந்தக் கலை தெரிந்திருந்தது. ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலரைத் தொகுக்கும் வேலை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால் அவர் தலையில் விழுந்தது. முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு குடும்பங்களுக்குத் தீராத வழக்கு. அவர் மெய்ப்பைத் திண்ணையில் பரப்பிவைத்து, சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தார்: ‘மேலத்தெருவார் தங்கள் பாட்டன் காலம் முதல் என்பர், கீழத்தெருவார் அதை ஒப்புவதில்லை.’ மலர் வந்ததும் இரண்டு தெருவும் வந்து அவரைத் திட்டிவிட்டுப் போனது. ஆனால் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவரவர் சொன்னது அதில் அப்படியே இருந்தது.

சரி, உங்கள் கல்வெட்டு. ‘திருமகள் போல’ என்று தொடங்குவதால் அது ராஜராஜனின் மெய்க்கீர்த்திதான், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் புகழைச் சொல்லும் பகுதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீழே என்ன இருக்கிறது? நுந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள்) தொண்ணூற்றாறு. ஒருவர் 96 ஆடு கொடுத்து விளக்கு வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கோயிலை மன்னன் கட்டினான் என்று அதில் எங்கே இருக்கிறது? விளக்கு வைத்தபோது கோயில் இருந்தது என்றுதான் ஆகும். அதற்கு எத்தனை காலம் முன்பிருந்து இருந்ததோ! நீக்கியவரை ஏசுவதற்கு முன் நீங்களே வாசித்ததை இன்னொரு தரம் வாசித்திருக்கலாமே தம்பி?

தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. உங்கள் கல்வெட்டைப் படியெடுத்திருந்தால் அதற்கு ஓர் எண் இருக்கும். தேடி எடுங்கள். தடை நீங்கியதும் கட்டுரையைத் தொடாமல், பேச்சுப் பக்கத்தில் எண்ணைக் கொடுத்து, ‘ராஜராஜன் காலத்து விளக்குக் கொடை என்று சேர்க்கலாமா?’ என்று கேளுங்கள். அப்போதும் அவர் மறுத்தால், இரண்டே பேர் முட்டிக்கொள்ளும் இடங்களுக்கென்று ‘மூன்றாம் கருத்து’ கேட்கும் பக்கம் இருக்கிறது. சம்பந்தமில்லாத ஒருவர் வந்து பார்த்துச் சொல்வார். அவருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதற்காக எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.