டாங்க் நிரம்பியதும் வரும் பெட்ரோல் வாடை: 1972 பீட்டில்

அன்புள்ள ஐயா,

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நீங்கள் வைத்திருக்கும் 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில், டாங்க்கை நிரப்பியதும் உள்ளே பெட்ரோல் வாடை அடிப்பதாகவும், பாதி தீர்ந்ததும் அது மறைந்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. கார்புரேட்டரோ (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) பம்போ ஒழுகினால், டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அது நிற்காது. ஆகவே கசிவு பெரும்பாலும் டாங்க்கின் மேற்பகுதியில்தான் இருக்கும்; முதலில் முன் பானெட்டைத் திறந்து, டாங்க்கை மூடியிருக்கும் அட்டையை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

நிரப்பும் வாயிலிருந்து டாங்க்குக்குச் செல்லும் தடித்த ரப்பர் குழாயையும், காற்றுப்போக்குக்கான சிறு குழாய்களையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். அடுத்து, டாங்க்கின் மேல் அளவுகாட்டும் மிதவை பொருத்தப்பட்ட இடத்தைச் சுற்றித் தூசி ஈரமாகவோ கறைபடிந்தோ இருந்தால், அங்கே கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றியே ஆக வேண்டும். டர்பன் வெயிலில் பெட்ரோல் விரிவடையும் என்பதால், பங்க்கில் குழாய் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை ஊற்றச் சொல்லாதீர்கள்.

வேலைக்கு முன் பின்னிருக்கைக்குக் கீழுள்ள பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கராஜ் கதவைத் திறந்தே வையுங்கள். அப்படியே கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் அசைகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உங்கள் வாடைக்கு அது காரணமில்லை என்றாலும், பழைய பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு அது பேர்போன காரணம்.