சான்றிதழ் பிறகு, முதலில் வகுப்பறை

எட்டு மாதங்களுக்கு முன் கணவரோடு இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வந்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “ஈரோடு பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆறு வருடம் மின்னியல் பாடம் எடுத்தேன். எம்.இ. முடித்திருக்கிறேன், பி.எட். இல்லை. இங்கே ‘ஃபர்தர் எஜுகேஷன்’ எனப்படும், பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொழிற்கல்விக் கல்லூரிகளில் ஆசிரியராகலாம் என்கிறார்கள். லெவல் 3 ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் பணம் கட்டச் சொல்கிறது. கட்டலாமா அக்கா? என் உச்சரிப்பு தடையாக இருக்குமா?”

கட்டாதீர்கள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, பழைய உண்மையின் மிச்சம். 2007இல் வந்த விதிப்படி, இங்கிலாந்தின் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் உரிய தகுதி பெற்றாக வேண்டும் என்று இருந்தது. 2013 செப்டம்பரில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இன்று யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்கிறது. (இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் வழிகள் வேறு.) உங்களுக்கு விற்கப் பார்க்கும் லெவல் 3 என்பது 12 கிரெடிட் கொண்ட சின்னப் படிப்பு. கடைசியில் கால் மணி நேரம் ஒரு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கெட்ட படிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து யாரும் வேலை கொடுப்பதில்லை. ஆறு வருடம் அறுபது மாணவர்களுக்கு முன் நின்றவருக்கு அது கற்றுத் தருவதும் குறைவு.

தகுதி எதுவும் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. முழுத் தகுதி என்பது லெவல் 5 டிப்ளமோ. அதைப் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகு, கல்லூரியின் செலவிலேயே படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். இப்போது நீங்களே கட்டிப் படிக்கப் போனால் பல்கலைக்கழகம் உங்களிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கும். இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கையில் வரும்வரை அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வந்தவர் வேலை பார்க்கத் தடையில்லை. ஆகவே உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு வேலைதான்.

அதற்கு முன் ‘கல்லூரி’ என்ற சொல்லைப் பற்றி. நம் ஊரில் கல்லூரி என்றால் பட்டப்படிப்பு. நான் மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடம் கணிதம் எடுத்துவிட்டு 2005இல் லண்டன் வந்தபோது அந்த நினைப்போடுதான் வந்தேன். இங்கே அந்தப் பெயரில் இருப்பது வேறு உலகம். நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மேல்நிலைப் பள்ளி, அறிவொளி இயக்கம் நான்கையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான். ஒரு மாடியில் பதினாறு வயதுப் பையன்கள் செங்கல் அடுக்குவார்கள். அடுத்த மாடியில் முடிதிருத்தப் பயிற்சி நடக்கும். மாலையில் சோமாலியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த தாய்மார்கள் ஆங்கில எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். யாரும் உங்களை ‘மேடம்’ என்று அழைக்க மாட்டார்கள், எழுந்து நிற்கவும் மாட்டார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் பாதிப் பெயர். முதல் மாதம் எனக்கு அது முள்ளாகக் குத்தியது. இப்போது என் முழுப் பெயரை யாராவது சரியாகச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

அடுத்தது, எந்தப் பாடம் என்பது. எம்.இ. மின்னியல் என்பதால் மின்னிணைப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கத் தோன்றும். அங்கே அவர்கள் தேடுவது கட்டடங்களில் ஏறி இறங்கி, கையில் ஸ்குரூடிரைவரோடு பல வருடம் வேலை பார்த்தவரை. இந்நாட்டு வயரிங் விதிகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். தொழில் செய்தவர்தான் தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்பது இந்தக் கல்லூரிகளில் ஊறிய எண்ணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏட்டுப் படிப்பு அதிகமுள்ள பொறியியல் டிப்ளமோக்கள், 2020இல் தொடங்கிய டி லெவல் என்ற தொழில்நுட்பப் படிப்புகள் உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் என் யோசனையைக் கேட்டால், கணக்கு.

ஏனென்றால் 2014இலிருந்து இங்கே ஒரு நிபந்தனை உண்டு. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ தேறாதவர்கள், பதினெட்டு வயதுவரை என்ன படித்தாலும் அந்தப் பாடத்தையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த மாணவருக்கான அரசுப் பணம் கல்லூரிக்கு வராது. முடிவெட்டப் படிப்பவரும் கார் பழுதுபார்க்கப் படிப்பவரும் கணக்கு வகுப்பில் உட்கார வேண்டும். அப்படிக் கணக்கைத் திரும்ப எழுதுகிறவர்களில் அண்மை ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. இந்தக் கணக்கு ஆசிரியர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. ஏன் தட்டுப்பாடு என்று உள்ளே போனதும் புரியும்.

என் முதல் பார்வையிடல் நாளைச் சொல்கிறேன். நான் படித்தது பழைய டிப்ளமோ: 120 கிரெடிட், குறைந்தது 150 மணி நேரம் வகுப்பெடுத்திருக்க வேண்டும், எட்டு முறை யாராவது பின் வரிசையில் உட்கார்ந்து நம் பாடத்தைப் பார்த்துக் குறிப்பெழுதுவார்கள். அந்த எட்டில் முதலாவது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணி. கொத்தனார் வேலை படிக்கும் பையன்கள் பதினான்கு பேர், பின்னங்கள் பாடம். மதுரையில் எப்படி எடுப்பேனோ அப்படியே எடுத்தேன். கரும்பலகை நிறைய எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எவ்வளவு அழகாகப் போகிறது என்று எனக்கே பெருமை. ஒருவன் மட்டும் குல்லாயை முகம்வரை இழுத்துவிட்டு மேசையில் தலை சாய்த்திருந்தான். எட்டேழு எத்தனை என்று கேட்டேன். “எனக்குக் கணக்கு வராது” என்றான், தலையைத் தூக்காமலே.

பின்னால் இருந்தவர் குறிப்பில் எழுதியிருந்தது: 60 நிமிடத்தில் 47 நிமிடம் நீங்கள்தான் பேசினீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: அவர்களுடைய பட்டறையை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கடுப்போடுதான் போனேன். அந்தப் பையன் அங்கே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டபடி முணுமுணுத்தான்: 75, 150, 225, 300, 375... நிறுத்தாமல் 900 வரை போனான். இங்கே செங்கல்லின் உயரம் 65 மில்லிமீட்டர், கலவை 10, ஆக ஒரு வரிசைக்கு 75. “பன்னிரண்டாவது வரிசை எங்கே வரும்?” என்றேன். “900” என்றான், யோசிக்கவே இல்லை. “இப்போது நீ சொன்னது பன்னிரண்டாம் பெருக்கல், அதுவும் எழுபத்தைந்தில்” என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். “அது கணக்கு இல்லை, அது அளவு” என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பலகையில் 900 மில்லிமீட்டர் சுவர் ஒன்றை வரைந்து, மூன்று வரிசை கட்டியாயிற்று, எத்தனை பங்கு முடிந்தது என்று கேட்டேன். கால் பங்கு என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்தேன். ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்து எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஒன்றுக்கு நான்கு கலவை என்றால் விகிதம் அங்கேயே வந்துவிடுகிறது. அந்தப் பையன் அந்த வருடம் தேறவில்லை. அடுத்த வருடம் தேறினான்.

ஆசிரியப் பயிற்சியில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது பாடத்திட்டமோ கட்டுரைகளோ அல்ல. ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு, எது சரியாகப் போகவில்லை, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுத வேண்டிய நாட்குறிப்புதான். கட்டுரையில் ‘நான்’ என்று எழுதினாலே சிவப்பு மையால் சுழித்த ஊரில் படித்தவள் நான். ‘வகுப்பு நன்றாக நடந்தது’ என்று எழுதிக் கொடுத்தேன். “யாருக்கு நன்றாக நடந்தது?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார் பயிற்றுநர். நம் குறையை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேலைக்கு ஆபத்து என்றே மனம் சொல்லும். இங்கே அதை எழுதாதவரைத்தான் ஐயத்தோடு பார்க்கிறார்கள்.

2024 முதல் அந்தப் பழைய டிப்ளமோக்களின் இடத்தில் புதிய லெவல் 5 ஆசிரிய டிப்ளமோ வந்திருக்கிறது. அதன் பிறகு விரும்பினால் க்யூடிஎல்எஸ் என்ற தொழில்முறைத் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். 2012 முதல் அதைக் கொண்டு பள்ளிகளிலும் முழுத் தகுதி பெற்ற ஆசிரியராக வேலை பார்க்க முடியும். உங்களைப் போல பி.எட். இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அது நான்காம் படி. நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

வாசலைத் தாண்ட நான் பிடித்த வழி கற்றல் உதவியாளர் வேலை. கற்றல் குறைபாடுள்ள மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். சம்பளம் குறைவு. எம்.ஃபில். படித்துவிட்டு இதைச் செய்வதா என்று ஊரில் அம்மா அழுதார். ஆனால் இரண்டு வருடம் வெவ்வேறு ஆசிரியர்களின் வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்த்ததற்கு எந்தப் படிப்பும் ஈடாகாது. இங்குள்ள பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், ஆசிரியர் எப்போது குரலை உயர்த்தாமல் விடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. வேலை கிடைக்கவில்லை என்றால் வாரத்தில் ஒரு நாள் தன்னார்வலராகவாவது போங்கள், பெரியவர்களுக்கான கணக்கு வகுப்புகளில் ஆளை வரவேற்பார்கள்.

உச்சரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிவதைவிட அவர்கள் ஆங்கிலம் உங்களுக்குப் புரிவதுதான் பாடு. கணக்கில் எனக்கு மாட்டிக்கொண்டது ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும்தான். நான் சொன்னால் இரண்டும் ஒன்றாகக் கேட்கிறதாம். எண்ணைச் சொல்லும்போதே பலகையில் எழுதிவிடுவேன், பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, வகுத்தல். இங்கே பையன்களுக்குத் தெரிந்தது ‘பஸ் ஸ்டாப்’ முறை. பஸ் நிறுத்தக் கூரைபோல ஒரு கோடு போட்டு, உள்ளே பெரிய எண், மேலே விடை, மீதியைச் சின்னதாக அடுத்த இலக்கத்தின் பக்கத்தில் எழுதுவார்கள். நம் நீண்ட வகுத்தலைக் காட்டினால் மிரண்டுவிடுவார்கள். பெருக்கலுக்குக் கட்டம் போடுவார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து அவர்கள் முறையிலேயே கணக்குப் போட்டுப் பழகுங்கள். பயிற்சியில் சேரும்போது உங்களுக்கே ஒரு கணக்குத் தேர்வும் ஆங்கிலத் தேர்வும் வைப்பார்கள். எம்.இ. படித்தவளுக்கா என்று கோபப்படாமல் எழுதிவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. பலரும் தொடங்குவது மணிக்கணக்குச் சம்பளத்தில். அந்தத் தொகையைப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். தயாரிப்பு, திருத்தம், விடுமுறைச் சம்பளம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம் என்று பிறகுதான் தெரியவரும். ஜூலை, ஆகஸ்டில் ஒன்றும் வராது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மூன்றாவது வாரம் ஆள் குறைந்துவிட்டது என்று என் மாலை வகுப்பையே எடுத்துவிட்டார்கள், தொலைபேசியில் ஒரு நிமிடத்தில். நிலையான வேலை கிடைத்தால் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் உண்டு, அது நல்லது. ஆனாலும் பள்ளி ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவுதான். கணவரின் வருமானம் இருக்கும் முதல் இரண்டு வருடத்தில் இதைத் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது செய்ய வேண்டியவை இரண்டே. உங்கள் பட்டங்கள் இங்கே எதற்குச் சமம் என்று இனிக் என்ற அமைப்பிடமிருந்து ஒப்பீட்டுச் சான்று வாங்குங்கள். இந்தியாவில் உங்கள் மீது வழக்கில்லை என்ற காவல்துறைச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அது வர நாளாகும். இந்நாட்டில் குற்றப் பின்னணி பார்க்கும் டிபிஎஸ் சோதனையில், இந்தப் பணிக்கு வேண்டிய விரிவான வகையை உங்களை வேலைக்கோ தன்னார்வப் பணிக்கோ எடுக்கும் இடம்தான் செய்யும், நீங்களாக வாங்க முடியாது.

எல்லாம் ஆகஸ்டுக்குள் முடிந்திருக்க வேண்டும். ஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்டின் பின்பாதியில் ஒரு வியாழக்கிழமை வரும். கணக்கில் எத்தனை பேர் தவறினார்கள், அவர்களில் எத்தனை பேர் தங்களிடம் வருவார்கள் என்று அதுவரை எந்தக் கல்லூரிக்கும் தெரியாது. அடுத்த சில நாட்களில் சேர்க்கை. செப்டம்பர் முதல் வாரம் கால அட்டவணையில் ஆசிரியர் பெயர் இல்லாத கட்டங்கள் தெரியத் தொடங்கும். அப்போது விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்க நேரமிருக்காது. ஏற்கெனவே கட்டடத்துக்குள் இருப்பவர், சோதனைகள் முடிந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். எனக்கு அழைப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்கு, இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு வகுப்பு என்றார்கள்.