பழைய அட்டாரி விளையாட்டுகளில் அவற்றை உருவாக்கியவர்களின் பெயர் ஏன் காணப்படுவதில்லை?

அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான அட்டாரி வேண்டுமென்றே வெளியிடவில்லை என்பதே சுருக்கமான விடை. பெயர் தெரிந்தால் வேறு நிறுவனங்கள் அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடும். பெயர் பெற்றவர்கள் கூடுதல் ஊதியமும் கேட்பார்கள்.

இதில் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்பதை உணர, அந்த வேலை எத்தகையது என்று பார்க்க வேண்டும். 1977இல் வந்த அட்டாரி 2600 என்ற, தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்கான ஒரு விளையாட்டைப் பெரும்பாலும் ஒருவரே முழுவதுமாக எழுதினார். படம், ஒலி, நிரல் எல்லாம் அவர் பொறுப்பு. அக்கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே என்பதால், நான் இப்போது எழுதும் இந்த ஒரு வாக்கியத்தை யுனிகோடில் சேமிக்கக்கூட அதில் இடம் போதாது. முழுத் திரைப் படத்தை வைத்துக்கொள்ள வழியில்லாததால், தொலைக்காட்சியின் கதிர் கோடு கோடாகத் திரையை வரைந்து செல்லும்போதே, அந்தந்தக் கோட்டில் என்ன தோன்ற வேண்டும் என்பதை நிரல் உடனுக்குடன் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். ஒரு கோட்டுக்குச் செயலியின் 76 சுழற்சிகள், அதாவது மிகச் சில கட்டளைகளுக்கான நேரம்தான் கிடைக்கும்.

இப்படி உழைத்தவர்களில் டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர் வெளியேறி, 1979இல் ஜிம் லெவியுடன் சேர்ந்து ஆக்டிவிஷன் என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கி, தம் விளையாட்டுகளில் வடிவமைப்பாளர் பெயரை வெளிப்படையாக அச்சிட்டார்கள்.

அட்டாரியின் இன்னொரு நிரலாளரான வாரன் ராபினெட் தேர்ந்த வழி வேறு. 1980இல் வெளிவந்த தமது "அட்வென்ச்சர்" விளையாட்டில், யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையை அமைத்துவிட்டு அவர் வேலையை விட்டுப் போனார். அந்த அறையை, பழைய கருவியைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டரில் நானே தேடிப் பார்த்தேன். வழியை முன்கூட்டியே படித்திருந்தும் எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. கறுப்புக் கோட்டையின் புதிர்வழியில், விளையாட்டில் தூக்கிச் செல்லும் பாலத்தைக் கொண்டு மட்டுமே நுழையக்கூடிய ஒரு மூலையில், சாம்பல் நிறப் பின்னணியில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தடவித்தான் எடுக்க வேண்டும். அதை மஞ்சள் கோட்டைக்குக் கீழேயுள்ள பாதையின் கிழக்குக் கோடிக்குக் கொண்டுவந்து, அங்கே வேறு பொருள்களையும் சேர்த்து வைத்தால், குறுக்கே நிற்கும் சுவர் மினுங்கி வழிவிடும். உள்ளே, நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எழுத்துகளில், "உருவாக்கியவர் வாரன் ராபினெட்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி செங்குத்தாக நிற்கிறது.

இதுவே முதல் மறைசெய்தி என்று பலர் எழுதுவது சரியன்று. அட்டாரியே வெளியிட்ட "ஸ்டார்ஷிப் 1" என்ற, காசு போட்டு விளையாடும் ஆர்கேடு இயந்திரத்தில் 1977லேயே ஒன்று இருந்தது. ஆனால் இத்தகைய மறைசெய்திகளுக்குப் பெயர் சூட்டல் நிகழ்ந்தது "அட்வென்ச்சர்" அறையால்தான். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோது, அட்டாரியின் ஸ்டீவ் ரைட் அதை நீக்கச் சொல்லாமல், ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் தேடும் ஒளித்து வைத்த முட்டைகளோடு ஒப்பிட்டார். விளையாட்டுகளில் ஒளித்து வைக்கப்படும் இவற்றை "ஈஸ்டர் எக்" (ஈஸ்டர் முட்டை) என்று இன்றைக்கும் நாம் சொல்வது அதனால்தான்.